வெள்ளைக் கூட்டின் பத்து மாதம்

கோவிந்தசாமி செத்த பிறகும் அவருடைய இருமல் பதினேழு நாள் அந்த வீட்டிலேயே இருந்தது. 2022ஆம் வருஷம் ஆனி மாதம், சேத்தியாத்தோப்பு கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கால் தவறி விழுந்து, தலையில் அடிபட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே போய்ச் சேர்ந்தார். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் கல்லை மாவாக அரைக்கும் உருட்டு மில்லில் இருபத்தாறு வருஷம் நின்ற மனிதர். இருமி இருமித்தான் போவார் என்று பேட்டையே எதிர்பார்த்திருந்தது. ஆனால் கடைசி ஐந்தாறு மாதம் அவர் ஒரு தடவைகூட இருமவில்லை. நல்லூர் வைத்தியர் கொடுத்த ஆடாதொடைக் கஷாயம்தான் காரணம் என்று அவர் மனைவி சொர்ணாம்பாள் சொல்லப்போக, தெருவே அந்தக் கஷாயத்தைக் குடித்து வாய் கசந்து கிடந்தது. பிணத்தை எடுத்த மறுநாள் காலையிலிருந்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது. காலை ஐந்தரைக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, நடுநடுவே சின்னதாக நாலைந்து. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் காபி டம்ளரைக் கையில் வைத்தபடி காதைக் கொடுத்துக் கேட்டார்கள், அவருடையதுதான் என்று ஒத்துக்கொண்டார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் சொர்ணாம்பாள் வீட்டைக் கழுவிவிடலாம் என்று காலண்டரைக் கழற்றினாள். சுவரில் ஒரு குளவிக்கூடு ஒட்டியிருந்தது. வெள்ளை வெளேரென்று, கைப்பிடி அளவு. ஒரு போட்டோ எடுத்து இஜாஸ் பாயின் வாட்சப் குரூப்பில் போட்டாள். இருமலைப் பற்றி எழுதவில்லை. பூச்சியைப் பற்றிக் கேட்கிற இடத்தில் புருஷன் இருமலை யாராவது எழுதுவார்களா? இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. மண்குளவிக் கூடு, விஷம் கிடையாது, கரண்டியால் சுரண்டிவிட்டு ஈரத்துணியால் துடைக்கவும். தோசைக் கரண்டியை எடுத்து, காலை பதினொன்று பத்துக்கு அவள் அதைச் சுரண்டினாள். வீட்டில் இருமல் நின்றது. அதே பதினொன்று பத்துக்கு, சென்னை கிண்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அவள் மகன் ராஜ்மோகன் இருமத் தொடங்கினான். அவனுக்கு வயது இருபத்துநாலு. மில் வாசலை மிதித்தால் காலை ஒடிப்பேன் என்று அப்பா சொல்லி வளர்த்த பிள்ளை, மிதித்ததே இல்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எத்தனை வருஷமாகக் கல் மாவு வேலை செய்கிறாய் என்று கேட்டார்.

இஜாஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மங்கலம்பேட்டைக்காரர். ஷார்ஜாவில் பூச்சி மருந்து அடிக்கிற கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு, கொரோனா சமயத்தில் ஊர் திரும்பி, விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு கடை போட்டார். மற்ற கடைக்காரர்கள் மருந்து விற்பார்கள். இவர் முதலில் பூச்சியைக் கேட்பார். என்ன பூச்சி என்று தெரியாமல் மருந்து அடிக்கிறவன் ஆளைப் பார்க்காமல் பெண் கொடுக்கிறவன் என்பது அவர் கட்சி. ஒரு கால் போதும், ஒரு இறக்கை போதும், மெத்தைத் தையலில் நாலு கறுப்புப் புள்ளி போதும், சொல்லிவிடுவார். ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு வந்த ஆசிட் பூச்சியைக் கழுத்தில் நசுக்கி, தோல் வெந்து கொப்புளமானதும், எட்டுக்கால் பூச்சி நடந்துவிட்டது என்று மந்திரிக்கப் போனவர்களையெல்லாம் திட்டித் திருப்பி அனுப்பியவர் அவர்தான். செம்பருத்தியில் மாவுப்பூச்சி, அவரையில் அசுவினி, முந்திரியில் தேயிலைக்கொசு, அரிசியில் வண்டு, புத்தகத்தில் ராமபாணம் என்று தொள்ளாயிரம் பேர் இருந்த அந்தக் குரூப்பில் இரவும் பகலும் போட்டோ வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. தெரியாது என்ற வார்த்தை அதுவரை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அந்தக் கர்வம் மனிதருக்கு நிறையவே இருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

வேறு ஊராக இருந்தால் கூடு ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று எவனாவது கேட்டிருப்பான். இங்கே யாரும் கேட்கவில்லை. செராமிக் பேட்டையில் சாக்கடை வெள்ளை, வேப்பிலை வெள்ளை, சட்டைக் காலர் வெள்ளை, மழை பெய்தால் தெருவில் ஓடுகிற தண்ணீர் பால். குளவி மட்டும் வேறு கலர் மண்ணுக்கு எங்கே போகும்? இஜாஸும் அப்படித்தான் நினைத்தார். ஊருக்கே வந்த தப்பு அவருக்கும் வந்தது.

2023 தை மாதம், பேட்டைக்குப் பின்னால் இருக்கிற தெருவில், கனகா வீட்டிலும் ஒரு வெள்ளைக் கூடு வந்தது. கனகா பொம்மை யூனிட்டில் வேலை செய்கிறவள். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகளை, அதாவது இன்னும் சூளையில் சுடாத பொம்மைகளை, ஈர ஸ்பாஞ்சால் நீவி ஒழுங்கு பண்ணுவாள். பச்சைப் பொம்மை மூச்சுவிட்டாலே உடைகிற சாமான். அவள் கையில் உடைந்தது வருஷத்துக்கு இரண்டோ மூன்றோதான். புருஷன் கலியமூர்த்தி, கோவிந்தசாமி நின்ற அதே மில்லில் நிற்கிறவன். வயது நாற்பது. மூன்று வருஷமாக இருமல். பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டியதில், உள்ளே போன மாவு போனதுதான், இனி வெளியே வராது, வேலையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேலையை மாற்ற அவனுக்கு வேறு வேலை தெரிய வேண்டுமே. கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. வீடு கட்டும்போதே கலியமூர்த்தி ஆசையாகக் கூரையில் பதித்த தொட்டில் கொக்கி சும்மாவே தொங்கிக்கொண்டிருந்தது. குளவி அதில்தான் கட்டியது.

வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் யாரோ உண்டாகப் போகிறார்கள் என்று நம்ம பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதுவும் தொட்டில் கொக்கியில்! தெருப் பெண்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுக் கனகாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். அவளும் எதற்கும் இருக்கட்டும் என்று போட்டோ எடுத்து இஜாஸுக்கு அனுப்பினாள். அதே பதில் வந்தது, மண்குளவி, சுரண்டிவிடுங்கள். கனகா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவரு பூச்சிக்குச் சொல்றாரு. நான் புள்ளைக்குப் பாக்கறேன். வூட்ல எவனாச்சும் அதுமேல கைய வெச்சீங்கன்னா பாருங்க" என்றாள். வீட்டில் அவளைத் தவிர இருந்தது கலியமூர்த்தி ஒருவன்தான்.

மாசி மகத்துக்குள் கலியமூர்த்தியின் இருமல் நின்றுவிட்டது. தேர் வடம் பிடித்தான். மூன்று வருஷமாக எட்ட நின்று கும்பிட்டவன் நாலு வீதியும் இழுத்துவிட்டு வந்து, விசில் அடித்துக்கொண்டே குளித்தான். பங்குனியில் கனகாவுக்கு நாள் தள்ளிப்போனது. தெருப் பெண்கள் மறுபடி வந்து கூட்டை அண்ணாந்து பார்த்தார்கள், நாங்கள்தான் சொன்னோமே என்றார்கள். அந்த இரண்டு மாதமும் அவர்கள் வீட்டில் இருந்த சந்தோஷத்தை எழுத எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. கலியமூர்த்தி சாப்பிடும்போது பேசினான், பேசும்போது சிரித்தான், சிரித்த பிறகும் அவனுக்கு மூச்சு மிச்சமிருந்தது.

வைகாசியில் ராஜ்மோகன் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். பொம்மை யூனிட்டிலிருந்து திரும்பி வந்த கனகா அவன் வீட்டைத் தாண்டும்போது உள்ளேயிருந்து இருமல் கேட்டது. அவளுக்குக் கால் நின்றுவிட்டது. முதலில் இரண்டு குட்டி இருமல், ஒரு இழுப்பு, பிறகு பானையைத் தட்டியது போல ஒரு பெரிசு. கோவிந்தசாமி இருமுகிற வரிசை அது. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சொர்ணாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரோடதுதான்டி. எனக்குத் தெரியாதா? முப்பது வருசம் பக்கத்துல படுத்துக் கேட்டவ" என்றாள். "அந்தக் கூட்டச் சொரண்டின அன்னைக்கு இவனுக்கு வந்துச்சு. நான்தான் சொரண்டினேன். என் கையாலயே என் புள்ளைக்கு வெச்சிட்டேன்."

கனகா வீட்டுக்கு ஓடிவந்து கொக்கியைப் பார்த்தாள். பிறகு இஜாஸுக்குப் போன் போட்டு, போட்டோ வேண்டாம் பாய், ஆளாக வாங்க என்றாள்.

இஜாஸ் சிரித்துக்கொண்டேதான் வந்தார். மண்குளவிக்கு இவ்வளவு அமர்க்களமா என்று ஸ்டூலில் ஏறிப் பார்த்தார். கூட்டிலிருந்து எழும்பிப் பறந்த குளவிக்கு இடுப்பு நூல் போல, கால் மஞ்சள், உடம்பு கறுப்பு, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கூட்டில் நாலு அறை மூடியிருந்தது, ஐந்தாவது பாதி. குளவி வந்து மண் வைக்கட்டும், பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சுவரோரம் உட்கார்ந்தார். காலை ஷிப்ட் முடிந்து வந்த கலியமூர்த்தி சாப்பிட்டுவிட்டுப் பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று மணிக்குக் குளவி ஜன்னல் வழியாக வந்தது. வந்தது தெரியவே இல்லை, சத்தமே கிடையாது. எந்தக் குளவியும் மண்ணை ஒட்டும்போது ரீங்காரம் போடும், அந்த அதிர்வில்தான் மண் பிடிக்கும், அதை வைத்தே இஜாஸ் கண்ணை மூடிக்கொண்டு இனம் சொல்லிவிடுவார். போட்டோவில் சத்தம் வராது என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. குளவி வெளியே எந்த மண்ணுக்கும் போகவில்லை. நேரே இறங்கிக் கலியமூர்த்தியின் கீழுதட்டில் உட்கார்ந்தது. அவன் மூச்சு விட்டபோது வாயோரத்தில் வெள்ளையாக ஏதோ கசிந்தது. குளவி அதைக் காலால் உருட்டி, கடுகளவு உருண்டையாக்கி, மேலே கொண்டுபோய் ஒட்டியது. ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு தடவை வந்துபோனது. கலியமூர்த்தி தூக்கத்தில் ஒருமுறை உதட்டைத் துடைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

நாலு மத்தியானம் இஜாஸ் வந்து உட்கார்ந்திருந்தார். கனகா போட்ட டீ ஒவ்வொரு நாளும் ஆறிப்போனது. நாலாம் நாள் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கூட்டின்மேல் கவிழ்த்து, அதன் அடியில் காதை வைத்துக் கேட்டார். இறங்கி வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"இன்னா பாய், இன்னா பூச்சி இது?" என்றாள் கனகா.

"தெரியலம்மா" என்றார் இஜாஸ். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். "எல்லாக் குளவியும் உள்ள முட்ட வெச்சு, புழுவோ சிலந்தியோ புடிச்சிப் போட்டு அடைக்கும். இது ஒன்னும் போடல. உள்ள அண்ணனோட இருமல்தான் இருக்குது. அத எடுத்து எடுத்து அடைக்குது."

"அப்ப நல்லதுதானே பண்ணுது?"

"எந்தக் கூடும் ஒருநாள் உள்ள இருந்து தொறக்கும்மா. சொரண்டினாலும் வெளிய வரும், சும்மா வுட்டாலும் வெளிய வரும். வந்தா..." என்று நிறுத்திவிட்டு, அவள் வயிற்றைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். ராஜ்மோகன் அந்த வீட்டுக்கு இளையவன். நூற்று முப்பது கல் தாண்டிச் சென்னையில் இருந்தாலும் அது தேடிப் போய்ப் பிடித்திருக்கிறது. இந்த வீட்டில் கார்த்திகைக்கு ஒரு இளையது பிறக்கப் போகிறது. கனகா படித்தது எட்டாவதுதான், ஆனால் இதைக் கணக்குப் போட அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பாயில் சத்தமில்லாமல் தூங்குகிற புருஷனைப் பார்த்தாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். இஜாஸ் அங்கிருந்து நேரே ராஜ்மோகன் வீட்டுக்குப் போய், அவன் கட்டிலோரம் உட்கார்ந்து இருட்டும்வரை அவன் இருமலைக் கேட்டுவிட்டு மங்கலம்பேட்டைக்கு பஸ் ஏறினார்.

கூடு மாதத்துக்கு ஒரு அறையாக வளர்ந்தது. ஆவணியில் வளைகாப்பு நடந்தது. தலைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். கனகா போகவில்லை. கூட்டை ஆளில்லாமல் விட்டுவிட்டு எப்படிப் போவது? கேட்டவர்களுக்குப் புருஷனுக்குச் சாப்பாடு என்று சொன்னாள். இஜாஸ் ஷார்ஜா வித்தையெல்லாம் காட்டினார். ஊசியால் மருந்து செலுத்தலாம் என்றால் துளை போட வேண்டும். சிமெண்டுக்குள் புதைக்கலாம் என்றால், கான்கிரீட்டைக் குடைந்துகொண்டு வந்த பூச்சியை அவரே பார்த்திருக்கிறார். புரட்டாசியோடு ஒன்பது அறை முடிந்தது. ஐப்பசி பிறந்ததும் குளவி வருவது நின்றது. முதல் அறையின் மூடி மெல்லக் கறுக்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு மாதம் தாங்கினால் அதிகம் என்றார் இஜாஸ்.

அப்போதுதான் கனகாவுக்குச் சூளை ஞாபகம் வந்தது. ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டாள். பச்சைமண்தானே உடையும், கரையும், தொளைபடும்? ஆயிரத்திருநூறு டிகிரியில் சுட்டுவிட்டால் பீங்கான். பீங்கானைக் குடைந்துகொண்டு எந்தப் பூச்சி வரும்? யூனிட் முதலாளி பாலகிருஷ்ணன் நல்ல மனுஷன், மேல் தட்டில் ஒரு இடம் ஒதுக்கிவிட்டார். கலியமூர்த்தி ஆக்ஸா பிளேடால் கொக்கியை அறுத்தான். எட்டு மாத வயிற்றோடு கனகா, ஸ்பாஞ்சு பரப்பிய தட்டில் கூட்டை வைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். முன்னால் இஜாஸ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பைக்குகளை நிறுத்தினார். கார்த்திகை விளக்கு சீசன் என்பதால் பேட்டை முழுக்க ஆள் நடமாட்டம். அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்கள். தட்டிலிருந்து அவ்வப்போது கலியமூர்த்தியின் இருமல் கேட்டது. பின்னால் கலியமூர்த்தி இருமாமல் நடந்து வந்தான்.

சூளை அடுக்குகிற மாயவன் தட்டை வாங்குவதற்குக் கையை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது.

"ஓட்ட போட்டியா?" என்றான்.

கனகா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உள்ளே காலியாக, நாலு பக்கமும் மூடின எந்தப் பச்சைச் சாமானும் சூளைக்குள் போனால் உள்காற்று சூடேறி வெடித்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு பொம்மைக்கும் அடியில் ஒரு துளை. பன்னிரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நூற்றைம்பது பொம்மைக்கு அந்தத் துளையைப் போடுகிறவள் அவள்தான். துளை போடாவிட்டால் கூடு வெடிக்கும், வெடித்தால் இருமல் வெளியே வரும். துளை போட்டால் அதன் வழியாகவே வரும். சூளை வாசலில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் செராமிக் ஆட்கள், யாருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாயவன் கையை மடக்கிக்கொண்டான். கனகா தட்டோடு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கலியமூர்த்தி கூட்டைக் கம்பியால் பழைய இடத்தில் கட்டித் தொங்கவிட்டான். இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு, அரிசி தீர்ந்துவிட்டது வாங்கிவருகிறேன் என்பது போலச் சொன்னான்.

"என்னுதுதானே. நானே திருப்பி எடுத்துக்கறேன்."

"இன்னா பேசறீங்க?"

"கோவிந்தசாமியண்ணன் செத்துப்போயிட்டாரு. ஆளில்லாம அது புள்ளையத் தேடிப் போச்சு. நான் உசுரோட இருக்கேன்ல? அது வெளிய வர்றப்ப நான் வாய வெச்சா எங்கிட்ட வராம எங்க போவும்?"

கனகா கையில் இருந்த கரண்டியை அவன்மேல் வீசினாள். படவில்லை. "ஒம்பது மாசம் மனுசனாட்டம் மூச்சு வுட்டுட்டு இப்ப மறுபடி போறேன்றீங்களா? புள்ளையக் கையில குடுத்துட்டு நான் இன்னா பண்றது, ஒங்க போட்டோவக் காட்டி வளக்கறதா?" என்று கத்தினாள். எனக்கு நீங்களும் வேண்டும், பிள்ளையும் வேண்டும், இரண்டில் ஒன்று என்று யார் சொன்னது என்று தெருவே கேட்க அழுதாள். ஒன்பது நாள் அவனோடு பேசவில்லை. பத்தாம் நாள் முதல் அறையின் மூடியில் ஒரு மயிரிழை விரிசல் விட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்து, சோற்றைப் போட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

கார்த்திகை பிறந்து ஆறாம் நாள் விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. கலியமூர்த்தி போய்ப் பார்த்தான், இப்போதே பேர் வைக்க வேண்டும் என்றான். பதினோராம் நாள்தானே வைப்பார்கள் என்று நர்ஸ் சிரித்தாள். கனகா சிரிக்கவில்லை. காதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டும், நடுவில் தடங்கல் இருக்கக் கூடாது. பதினோராம் நாள் அவனால் அது முடியாது என்று அவளுக்குத் தெரியும். கனகா சின்னப் பேராக மனதில் வைத்திருந்தாள். அவன் குழந்தையைத் தூக்கி, காதோரம் குனிந்து, பாலாம்பிகை என்று கோயில் அம்மன் பேரைச் சொன்னான். ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து, நிறுத்தி, மூன்று தடவை. மூச்சு இருக்கும்போதே நீளமான பேராகச் சொல்லிவிடுகிறேன் என்றான். கனகா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இஜாஸ் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, கலியமூர்த்தி ஏறினான். பொம்மைக்குத் துளை போடுகிற கனகாவின் கம்பியை எடுத்து வந்திருந்தான். முதல் மூடியைக் குத்தி, உடனே வாயை வைத்து உறிஞ்சினான். வயிறு எக்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. இறங்கி ஒரு மிடறு டீ குடித்துவிட்டு மறுபடி ஏறினான். ஒவ்வொரு அறைக்கும் அப்படி ஒரு மிடறு. ஐந்தாவது அறைவரை அவன் ஒன்றும் ஆகாதவன் போலத்தான் இருந்தான். ஆறாவதுக்குப் பிறகு ஸ்டூல் ஆடியது. போதும்ணே, நாளைக்குப் பாத்துக்கலாம் என்றார் இஜாஸ். நாளைக்கு மறுநாள் அவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு அவன் ஏறினான். ஒன்பதாவது முடிந்ததும் கூட்டைத் தட்டிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. உள்ளே எந்தப் பூச்சியும் இல்லை, வழவழவென்று பீங்கான் கிண்ணம் போல இருந்தது. கலியமூர்த்தி பாயில் உட்கார்ந்து முதல் தடவை இருமினான். இஜாஸ் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். பதினோரு வருஷம் எத்தனையோ வீட்டுக்குள் பூச்சி மருந்து அடித்த மனிதர், முகமூடியில்லாமல் அழுதது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் ஆட்டோ தெருமுனையில் நின்றது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் காத்திருந்தார்கள். கனகா இறங்கவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆட்டோ டிரைவரை என்ஜினை நிறுத்தச் சொன்னாள். தெருவே அமைதியாக இருந்தது. உள்ளேயிருந்து இருமல் வந்தது. இது கூட்டிலிருந்து வருகிற இருமலா, ஆளிடமிருந்து வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இருமல் வாசலை நோக்கி நடந்து வந்தது. அதன் பிறகுதான் அவள் தரையில் கால் வைத்தாள்.

இப்போது பேட்டையில் பதினெட்டு வீட்டில் வெள்ளைக் கூடு இருக்கிறது. யாரும் சுரண்டுவதில்லை. குரூப்பில் யாராவது குளவிக்கூட்டுப் போட்டோ போட்டால் இஜாஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார், கட்டும்போது சத்தம் வருகிறதா என்று. வரவில்லை என்றால் கூடு தொடங்கிய தேதியைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார். ஒன்பது மாதம் கிடைக்கிறது, அதற்குள் ஆண்கள் செய்ய வேண்டியதைச் செய்துகொள்கிறார்கள். ஒருவன் மேல்சுவர் எழுப்பினான், ஒருவன் பழனிக்கு நடந்தான், ஒருவன் மகள் கல்யாணத்தில் விடிய விடிய நின்று பந்தி பரிமாறினான். பத்தாம் மாதம் ஸ்டூலைப் போட்டு ஏறி, அவரவருடையதை அவரவர் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒருத்தர் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டைப் பற்றிப் பேட்டையில் பேசுவதில்லை, அங்கே தண்ணீர் வாங்கிக் குடிப்பதும் இல்லை.

பாலாம்பிகைக்கு இரண்டு வயது ஆகிறது. நன்றாக ஓடுகிறாள், மூச்சு வாங்காமல் ஒரே தம்மில் தெருக்கோடிவரை ஓடுகிறாள். கலியமூர்த்தி மில்லில் இல்லை, இருக்கவும் முடியாது. வாசலில் உட்கார்ந்து அவள் ஓடுவதைப் பார்க்கிறான், இருமுகிறான். வீட்டில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. மத்தியானத்தில் அவன் படுத்திருக்கும்போது இருமல் கொஞ்ச நேரம் கேட்காவிட்டால், கனகா கை வேலையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வருகிறாள். முதலில் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறாள், பிறகுதான் குனிந்து அவனைப் பார்க்கிறாள்.